ஜொகூரில் இருக்கும் சேலம் ஜில்லா

வியாழன், காலை மணி 10.40. ஜொகூர் பாரு, லார்க்கின் பேருந்து முனையம்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து இங்கே வர முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஐம்பது ரிங்கிட். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு மணி நேரமும் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நின்றன. முதல் அரை மணி நேரம் அந்த வரிசைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணுவது எனக்குத் தொழில் கொடுத்த வியாதி. நாமக்கல்லில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவதில் நானே வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடுத்த இரண்டில் மற்றவர்களை ஏறி இறங்க வைத்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் அம்மாள். “ஜொகூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

“சொந்தக்காரங்கன்னு சொல்ல முடியாதுங்க. என் தங்கச்சி மக கவிதா பாசிர் கூடாங்ல ஒரு தொழிற்சாலையில இன்ஜினியரா இருக்கா. அவ வாடகைக்கு இருக்கிற வீட்டுல பதினேழு நாள் தங்கப் போறேன். வீட்டுக்காரங்க நமக்கு உறவு இல்லை.”

“அலமாக், நான் இவ்ளோ விவரமாவா கேட்டேன்?” என்று, மலாயில் ‘அடடா’ போட்டு, அந்த அம்மாள் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உறவு என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் சரியானதை எழுத வேண்டும் என்பது என் கொள்கை, அவ்வளவுதான்.

முனையத்தில் என்னை அழைத்துப் போக வீட்டுக்காரரே வந்திருந்தார். பெயர் மணி. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். அறுபது வயதிருக்கும். என் பெட்டியைத் தன் பழைய காரில் வைத்தார். இங்கே காரை ‘காடி’ என்கிறார்கள். உலு திராம் இருபது கிலோமீட்டர் தூரம். நகரம் முடியுமுன் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, நீங்க தாலுக்கா ஆபீஸ்ல பெரிய வேலையில இருந்தீங்களாமே, கவிதா சொல்லிச்சு. எங்க அப்பா ஊரு தென்னார்க்காடு ஜில்லா. அது இப்போ எப்படி இருக்கு?”

“தென்னார்க்காடுன்னு ஒரு மாவட்டமே இப்ப கிடையாதுங்களே.”

“கிடையாதா? எங்க போச்சு?”

கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரித்ததையும், விழுப்புரத்திலிருந்து பிறகு கள்ளக்குறிச்சி பிரிந்ததையும் சொன்னேன். மணி தலையாட்டினார். “இங்கயும் அப்படித்தான். குலாய் முன்னாடி எங்க ஜொகூர் பாருவோடதான் இருந்திச்சு. தங்காக் மூவாரோட இருந்திச்சு. பிரிச்சிட்டாங்க. ஆனா எங்க அப்பா ஊர யாரும் எங்களக் கேக்காம பிரிச்சிட்டீங்களே, அது நியாயமில்ல லா” என்றார். அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நம்மிடம் இப்போது முப்பத்தெட்டு மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பின்போது முப்பத்திரண்டு. ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் பேர். ஜொகூரில் பத்தே மாவட்டங்கள், நாற்பது லட்சத்துச் சொச்சம் பேர். எனக்கே ஒரு முறை இது நடந்திருக்கிறது. தொண்ணூற்றேழு ஜனவரியில் ஒரு காலை தூங்கி எழுந்தபோது சேலம் மாவட்டத்துக்காரியாக இருந்த நான் நாமக்கல் மாவட்டத்துக்காரி ஆகியிருந்தேன். வீடு அதே வீடு, பால்காரர் அதே பால்காரர். பக்கத்திலேயே இருந்த எனக்கு அது ஒரு கெசட் அறிவிப்பு. கடல் தாண்டிப் போனவர்களுக்கு யார் அறிவித்தார்கள் என்று மணியின் காரில்தான் முதல்முறை யோசித்தேன்.

வெள்ளி, மாலை மணி 6. உலு திராம்.

சாலை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள், பாசிர் கூடாங் ஷிப்டு முடித்தவர்கள். கவிதாவும் வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரம்மா சரஸ்வதி எங்கள் இருவரையும் முனையில் இருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாய் ஒன்று இரண்டு ரிங்கிட். நம் பரோட்டாவுக்குத் தம்பி முறை. கூடவே பருப்புக் கறி.

சரஸ்வதிக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். வாய் ஓயாமல் பேசுவார், பேசும்போதே யார் தட்டில் குறைந்தாலும் போடுவார். வந்த அன்றே என்னை அக்கா ஆக்கிவிட்டார். அவரே கல்லாவில் இருந்த கடைக்காரரிடம், “பாய், இவங்க இந்தியாவுல ஜில்லா ஆபீஸர்” என்று என்னை ஏற்றிவிட்டார்.

“எங்க அத்தா இளையான்குடி. ராமநாதபுரம் ஜில்லா” என்றார் கடைக்காரர்.

“இளையான்குடி இப்ப சிவகங்கை மாவட்டம் பாய்.”

“அப்படியா? நான் போன மாசம் கூட ராமநாதபுரம்னுதான் ஒரு ஃபாரத்துல எழுதினேன்.” அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “கேட்டியா, நம்ம ஊரு இப்போ சிவகங்கையாம்!” என்று கத்தினார். அடுத்த அரை மணி நேரத்தில் நான்கு மேசைகளிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். வட ஆற்காடு, கோயமுத்தூர், திருச்சி ஜில்லா என்று ஒவ்வொருவரும் ஒரு பழைய பெயரை எடுத்து நீட்ட, நான் வட்டத்தைக் கேட்டு இன்றைய மாவட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தேநீருக்குக் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குத் தலை கனத்துப் போனது. அந்தக் கனம்தான் இரண்டு நாளில் வினையாக வந்தது.

சனி, காலை மணி 11. சரஸ்வதி வீடு.

சாப்பாட்டு மேசையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரியை விரித்தார் சரஸ்வதி. மகள் துளசிக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். கைபேசியில் அழைப்பு எப்போதோ எல்லோருக்கும் போய்விட்டது. இது சாமி படத்துக்கு முன் வைக்கவும் பெரியவர்களுக்குக் கையில் கொடுக்கவும்.

பெற்றோர் பெயருக்குக் கீழே, அதே அளவு பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: தாய்மாமன், திரு. முருகேசன், மேட்டுப்பட்டி, சேலம் ஜில்லா, தமிழ்நாடு.

“ஜில்லாவா, மாவட்டமாக்கா? அண்ணன் பேரு வர்ற எடம். தப்பு இருக்கக் கூடாது” என்றார்.

“அண்ணன் இந்தியாவுலயா இருக்கார்?”

அப்போதுதான் கதையைச் சொன்னார். சரஸ்வதிக்குக் கூடப் பிறந்த ஆண் யாருமில்லை. ஒரே அக்கா, பார்வதி, குளுவாங்கில் காய்கறி வியாபாரம். இருவரும் வளர்ந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தாத்தா மாரிமுத்து கப்பலில் வந்தவர். சேலம் ஜில்லா, மேட்டுப்பட்டி என்பதைத் தவிர அவர் வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன் கோயில் சுற்றுலாவில் தமிழ்நாடு வந்தபோது சேலத்தில் ஒருநாள் வாடகைக் கார் எடுத்து, சேலம் மாவட்டத்து மேட்டுப்பட்டிக்கு விடச் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் வாழப்பாடிப் பக்கம் ஒரு மேட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டார். டீக்கடையில் நின்று, “மலாயாவுக்குப் போன மாரிமுத்து வீடு எது?” என்று கேட்டாராம்.

“பக்கத்துக் காட்டுல மரவள்ளிக் கிழங்கு வெட்டிட்டிருந்தாரு ஒருத்தரு. கத்திய அப்படியே கீழ போட்டுட்டு வந்தாரு. ‘அது எங்க சின்னத் தாத்தாம்மா, போனவரு ஒரு கடுதாசியும் போடல’ன்னாரு. அவருதான் அண்ணன். அவருக்கும் அக்கா தங்கச்சி கெடையாது. ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு அழுதோம். குலசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, பிடிமண் எடுத்துக் குடுத்தாரு.”

சாமி அறையில் அந்தப் பிடிமண் ஒரு பித்தளைச் சொம்பில் இருந்தது. தினமும் அதற்குப் பூ வைக்கிறார்கள். ஞாயிறுதோறும் முருகேசன் வீடியோவில் பேசுகிறார். துளசிக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வர அவர்தான் வருகிறார். வாழ்க்கையிலேயே முதல்முறை விமானம் ஏறப் போகிறார்.

நான் அங்கே வாயை மூடிக்கொண்டு ‘மாவட்டம்’ என்று திருத்திக் கொடுத்திருக்க வேண்டும். அதை விட்டு, “எந்த வட்டம்?” என்று கேட்டேன்.

“ஒரே மேட்டுப்பட்டிதானேக்கா?”

“நம்ம பக்கத்துல மேட்டுப்பட்டிக்குப் பஞ்சமே கிடையாது சரசு. தாத்தா வந்த பேப்பர் ஏதாவது இருக்கா?”

“இருக்கு. அக்கா வீட்டுல, தாத்தா படத்தோட சேத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. எங்க தோட்டத்து ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் வச்சிருப்பாங்க, சாமி படம் மாதிரி.”

நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மணி தலையை நிமிர்த்தினார். “நல்லாத்தானே போயிட்டிருக்கு. அதப் போயி ஏன் கெளறணும்?”

“அச்சுல வர்றது சரியா இருக்கணும் இல்லையா?” என்றேன் நான். நாற்பது வருடத்துக்குப் பக்கமாக அலுவலகத்தில் சொல்லிப் பழகிய வாக்கியம், அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு, காலை மணி 9. குளுவாங்.

ரயிலில் போனோம், சரஸ்வதியும் நானும் மட்டும். சீட்டின் விலையை எழுதலாம் என்று கேட்டால், எடுத்தவர் சொல்ல மறுத்துவிட்டார். ஜொகூர் பாரு, குலாய், குளுவாங் என்று மூன்று மாவட்டங்களைத் தாண்டினோம். வழியில் அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களைக் காட்டி, “இது கித்தா, இது செம்பன” என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். குளுவாங் நிலையத்தில் காப்பி பேர்போனது என்று நின்று குடிக்க வைத்தார். நல்ல கறுப்புக் காப்பி, அடியில் கட்டிப் பால். ஊருக்குப் பின்னால் லம்பாக் மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது.

பார்வதி சந்தையில் கடையைப் பக்கத்துக் கடைச் சீனப் பெண்மணியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை வீடு. முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் நடுவில் அந்தச் சட்டம் தொங்கியது. மேலே மாரிமுத்துவின் புகைப்படம், கீழே பழுத்துப்போன ஒரு தாள். பெயர், வயது இருபத்திரண்டு, கிராமம் மேட்டுப்பட்டி, ஜில்லா சேலம் என்று குமாஸ்தாவின் சாய்ந்த ஆங்கில எழுத்து. கண்ணாடிக்கு மேல் குங்குமப் பொட்டு. தாளின் வலது ஓரத்தில் இன்னொரு பத்தி இருந்தது, அது மரச் சட்டத்துக்குள் போயிருந்தது.

“அந்த ஓரத்துலதான் வட்டம் இருக்கும். சட்டத்தைத் திறக்கலாமா?” என்றேன்.

பார்வதி தங்கையைப் பார்த்தார். தங்கை தலையாட்டினார். பார்வதி கத்திரிக்காய் நறுக்கும் கத்தியால் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். தாள் வெளியே வந்தது. சட்டம் மறைத்திருந்த ஓரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதில் வட்டம் என்ற இடத்தில் ஊத்தங்கரை என்று எழுதியிருந்தது.

ஊத்தங்கரை அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. தர்மபுரி தனி மாவட்டம் ஆனபோது அதனோடு போனது. பிறகு கிருஷ்ணகிரி பிரிந்தபோது அதனோடு போனது. மாரிமுத்துவின் மேட்டுப்பட்டி இன்றைக்குச் சேலம் மாவட்டத்திலேயே இல்லை. சரஸ்வதி தேடிப்போன மேட்டுப்பட்டி வேறு. அங்கிருந்து ஊத்தங்கரைப் பக்கம் போகப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முருகேசன் வீட்டிலிருந்து கப்பல் ஏறிய மாரிமுத்து ஒருவர். இவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மாரிமுத்து இன்னொருவர்.

“என்னக்கா போட்டிருக்கு?” என்றார் சரஸ்வதி.

“சேலம் ஜில்லான்னுதான் போட்டிருக்கு” என்றேன். பொய் இல்லை. ஆனால் என் வாழ்நாளில் ஒரு தாளை முழுதாகப் படித்துக் காட்டாமல் மடித்து வைத்தது அதுவே முதல்முறை. பார்வதி ஆணிகளைத் திரும்ப அடித்தார். சோறு, நெத்திலி சம்பல், முருங்கைக்கீரை. பாதியில் கை கழுவினேன்.

அதே நாள், பிற்பகல் மணி 3.10. திரும்பும் ரயில்.

குலாய் வரை நான் வாய் திறக்கவில்லை. அப்படி நான் இருக்கமாட்டேன் என்பது நான்கு நாளில் சரஸ்வதிக்குத் தெரிந்துபோயிருந்தது.

“அக்கா, அந்தப் பேப்பர்ல என்ன இருந்திச்சு? சும்மா சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். ஊத்தங்கரை, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று வரிசையாகச் சொன்னேன். முடித்தபோது அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சட்டத்த ஏன்க்கா தெறந்தீங்க?” என்றார்.

‘அச்சுல வர்றது சரியா இருக்கணும்’ என்ற வாக்கியத்தை இந்த முறை வரவிடவில்லை.

“எட்டு வருஷமா யாரோ வீட்டுச் சாமிக்கு நான் பூ வச்சிருக்கேனா? யாரோ ஒரு மனுஷன அண்ணேன்னு கூப்பிட்டிருக்கேனா? கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்குறப்போ…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எதிர் இருக்கை மலாய்ப் பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். நானும் அழுதேன். அவர் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மணியிடம் அவரே சொன்னார். மணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்து மூன்று பேருக்கும் தேநீர் போட்டார். “பேசாம விட்டுட்டா என்ன? அவருக்கு எப்படித் தெரியப் போவுது?” என்று மட்டும் கேட்டார்.

“மேடையில நிக்க வச்சிட்டு, நாளைக்கித் தெரிய வந்தா? அந்த மனுஷன் மொகத்த நான் எப்படிப் பாக்குறது? எடுத்திருக்கிற சீரு, விமான டிக்கெட்டு, எல்லாம் சொந்தத் தங்கச்சின்னு நெனச்சுத்தானே?” என்றார் சரஸ்வதி.

மாலை ஏழரைக்கு, இந்தியாவில் ஐந்து மணிக்கு, வழக்கமான அழைப்பு வந்தது. திரையில் முருகேசன். நரைத்த மீசை, தோளில் துண்டு. “ஏம்மா சரசு, மரவள்ளிச் சிப்ஸு பத்துக் கிலோ விடுவானா ஏரோப்ளேன்ல?” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். சரஸ்வதி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். என் பெயரை எங்கும் இழுக்கவில்லை. ‘பேப்பர்ல பாத்தோம்’ என்றார்.

பிறகு முருகேசன், “அப்படிங்களா?” என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, “சரிங்க. வச்சிடறேங்க” என்றார்.

எட்டு வருடமாக வாம்மா, போம்மா என்று பேசியவர். அந்த ‘ங்க’ சரஸ்வதியை அடித்த அடியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெற்ற மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் பெண், போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

திங்கள். பாசிர் கூடாங்.

வீட்டில் உட்கார முடியவில்லை. மணியின் பேருந்திலேயே ஏறிக்கொண்டேன். பெரிய பெரிய கொள்கலன்கள், புகைபோக்கிகள், அவற்றைச் சுற்றிக் குழாய்கள், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறியதும் தூங்கிவிட்டார்கள். நேபாளி, வங்காளி, தமிழ், மலாய் என்று பேருந்தில் முப்பத்தாறு பேர். எண்ணத்தான் செய்தேன், என்ன செய்ய.

ஆட்கள் இறங்கியதும் மணி வண்டியை நிழலில் நிறுத்தினார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்கி வந்தார், ஒன்று மூன்று ரிங்கிட். பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன்.

“சாப்பிடுங்கக்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?”

“மணி, எங்க கணக்கெடுப்புப் பயிற்சியில முதல் பாடம் என்ன தெரியுமா? வீட்டுக்காரங்க சொல்றத அப்படியே எழுதணும். ஆதாரம் கேக்கக் கூடாது. இது என் மகன்னு ஒரு அம்மா சொன்னா, மகன்னு எழுதணும். பெத்த மகனா, எடுத்து வளத்த மகனான்னு கிளறக் கூடாது. நானே நூத்துக்கணக்கான பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவ.”

“அப்புறம் ஏன்?”

“தாலுகா ஆபீஸ்ல அதுக்கு நேர் எதிர். ஆதாரம் இல்லாம ஒரு கையெழுத்துப் போடமாட்டோம். உங்க வீட்டுக்கு எந்த ஆபீஸ்லேருந்து வந்தேன்கிறதை மறந்துட்டேன்.”

மணி சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் முருகேசன் மச்சான் ஆயிற்றே. போன வருடம் மணிக்குக் காலில் அடிபட்டபோது தினமும் கூப்பிட்டு விசாரித்தவர் அந்த மச்சான்தானாம். அன்று முழுக்க அழைப்பு வரவில்லை. சரஸ்வதி பிடிமண்ணுக்குப் பூ வைத்தாரா என்று பார்த்தேன். வைத்திருந்தார்.

செவ்வாய், மாலை மணி 6.30.

அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தாய்மாமன் வரியை எடுத்துவிடச் சொல்லிவிடலாமா என்று சரஸ்வதி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கைபேசி அடித்தது. எடுத்தால் திரையில் ஆள் இல்லை. பட்டுப் புடவைதான் தெரிந்தது, திரை நிறைய.

“ஏம்மா சரசு! துளசிக்குப் பார்டர் பச்சையா இருக்கட்டுமா, அரக்கா? சேலத்துல கடையில நிக்கிறேன். இந்தப் பையன் அரை மணியா பிரிச்சுப் பிரிச்சுக் காட்டிட்டு என்னை மொறைக்கிறான்.”

கவிதாதான் எட்டிப் பார்த்து, “அரக்கு, மாமா, அரக்கு!” என்றாள். நாங்கள் நால்வரும் ஒரே திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணே, நான் ஞாயித்துக்கெழம சொன்னது…”

புடவை விலகி முருகேசன் முகம் வந்தது. இரண்டு நாளில் கண் குழிந்திருந்தது. “சொன்ன. கேட்டுக்கிட்டேன். எங்க சின்னத் தாத்தன் எந்தத் தோட்டத்துல செத்தாரு, யாரு கொள்ளி வச்சாங்கன்னு இந்த எட்டு வருஷம் கவலையில்லாம இருந்தேன். ரெண்டு நாளா மறுபடி அதே ரோசனை. மனசு தாங்கலை, அதான் பேசலை. அதுக்குன்னு உன்னை விட்டுட முடியுமா? எனக்கு வேற யாரும்மா இருக்காங்க?” அவர் துண்டால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். “நீ மறைச்சிருந்தாதான் எனக்குக் கோவம். சரி சரி, அரக்குத்தானே? மடிச்சு வச்சிடப் போறான்.”

“அரக்குதாண்ணே” என்றார் சரஸ்வதி. பிறகு விசும்பி விசும்பி அழுதார். இந்த முறை அவர் தோளில் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை.

பத்திரிகை அச்சுக்குப் போனது. தாய்மாமன் வரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஜில்லாவை மாவட்டம் ஆக்கியது மட்டும்தான் என் திருத்தம். மணி தன் பேருந்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம், சேலம் ஜில்லா மேட்டுப்பட்டி மாரிமுத்துவின் பேரப்பிள்ளைகள் யாரையாவது தெரியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். மச்சானுக்காகத் தேடுகிறாராம். எனக்கும் ஒரு வேலை வந்தது.

“அந்த ஊத்தங்கரை மேட்டுப்பட்டிக்கும் ஒரு தடவ போயிட்டு வாங்கக்கா. எங்க ஆளுங்க யாராச்சும் இருந்தா, ஜொகூர்ல நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லுங்க. சீரு எதுவும் வேணாம், தாய்மாமனுக்கு எங்களுக்கு ஆள் இருக்காங்கன்னும் சொல்லிடுங்க” என்றார் சரஸ்வதி. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

பதினேழாம் நாள், சனி, பிற்பகல் மணி 3.25. கோலாலம்பூர் விமான நிலையம்.

என்னை ஏற்றிவிடவும் முருகேசனை அழைத்துப் போகவும் ஒரே பயணமாக வந்தோம். எனக்கு இரவு ஏழரைக்கு விமானம். கல்யாணம் வரை இருக்கத்தான் ஆசை. சீட்டை மாற்றக் கேட்ட தொகை, சீட்டின் விலையைவிட அதிகம். துளசி என் கையில் பத்திரிகையைக் கொடுத்து, “வராம இருக்கறதுக்கு ஃபைன், பெரியம்மா” என்று ஒரு முத்தம் வாங்கிக்கொண்டாள்.

திருச்சி விமானத்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கடைசி ஆட்களில் ஒருவராக, தள்ளுவண்டியை யார் மீதும் இடித்துவிடாமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு, வெள்ளை வேட்டியில் முருகேசன் வந்தார். சரஸ்வதி தடுப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முருகேசன், “இளைச்சிட்டியேம்மா” என்றார்.

மணி மச்சானைக் கட்டிக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளி, தள்ளுவண்டிக்குக் காவல் நின்றேன். அதில் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மேலே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் முகவரி. பழக்க தோஷம், கண் தானாக வரி வரியாகச் சரிபார்த்தது.

முருகேசன், மேட்டுப்பட்டி, சேலம் மாவட்டம். சேர வேண்டிய இடம்: தங்கை சரஸ்வதி வீடு, உலு திராம், ஜொகூர்.

வட்டத்தின் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. நான் கேட்கவில்லை.